காணோம் மேடமும் என் ஃபோர்க்லிஃப்ட்டும்

ஓசூரில் ஆரம்பித்து கிருஷ்ணகிரி வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் எத்தனை கம்பெனி இருக்கிறதோ, அத்தனையிலும் ஏறி இறங்கித் தேடிப் பாருங்கள். காணாமல் போவதில் எங்கள் மேடத்தை மிஞ்சிய ஆள் ஒருத்தர்கூடக் கிடைக்க மாட்டார். சாவி காணாமல் போகும், பேனா காணாமல் போகும், டிபன் டப்பா மூடி காணாமல் போகும். அதெல்லாம் தானாகப் போவது. எங்கள் மேடம் நேரம் பார்த்து, இடம் பார்த்து, கையில் வறுத்த கடலைக்காய்ப் பொட்டலத்தோடு காணாமல் போவார்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகள் தர்ஷினியும் நிதினும் ஒரு புகாரோடு வந்தார்கள்.

"அப்பா, அம்மாவை மறுபடியும் காணோம். அடுப்புல ரசம் பொங்குது. இறக்கறதா வேணாமான்னு கேக்கலாம்னா ஆளே இல்ல."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"இறக்கிட்டோம்."

"சரியாப் போச்சு. போய் விளையாடுங்க" என்றேன். ஆனால் அவர்கள் போகவில்லை. அம்மா ஏன் வாரம் தவறாமல் இப்படிச் செய்கிறாள், அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி சூளகிரிக்குப் பக்கத்தில் புதிதாக வந்த தொழிற்பேட்டையில் இருக்கிறது. வண்டிகளுக்கு உள்ளே ஓடுகிற ஒயர்களைக் கொத்துக்கொத்தாகக் கட்டி அனுப்புகிற வேலை. நான் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகுமே, அந்த வண்டி. என் மனைவி மஞ்சுளாவுக்கு லைனில் வேலை. லைன் என்றால் நீளமான மேசை. அதன் ஓரமாக வரிசையாக நின்று ஒயர் கட்டுவார்கள். மஞ்சுளா அப்போது ஒரு லைனுக்கு லீடர்.

லைனில் நிற்பவர்கள் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஏசி ரூமில் அப்போது உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை. மழை என்றால் மேலேயிருந்துதானே பெய்யும், அந்த மாதிரி இதுவும் என்று இருந்துவிட்டோம். அந்த ஏசி ரூமுக்குள் முதன்முதலாகப் போன பெண் எங்கள் மேடம். புரொடக்ஷன் மேனேஜர். உள்ளே போனாரே தவிர உட்காரவில்லை.

மேடம் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவருடைய நாற்காலியில் பெண்கள் தங்கள் சாப்பாட்டுப் பைகளை வைத்துக்கொள்வார்கள். மேடம் நடந்துகொண்டே இருப்பார். நடந்துகொண்டே "ஆச்சா, ஆய்த்தா, அயிந்தா" என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒரே மூச்சில் வேலை முடிந்ததா என்று கேட்பார். நாம் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த லைனுக்குப் போயிருப்பார். அவரோடு பேச வேண்டுமானால் கூடவே ஓட வேண்டும். தொழிற்சாலை முழுவதற்கும் தலைவரான பெரிய சாரே ஒரு தடவை அப்படிப் பேசிக்கொண்டே ஓடினார். பேச்சு முடிந்தபோது அவர் கேன்டீனில் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏன் அங்கே வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

இப்படி ஓயாமல் சுற்றுகிற மேடம், பத்து நாளைக்கு ஒரு தடவை திடீரென்று இல்லாமல் போவார். போன் எடுக்க மாட்டார். நாற்காலியில் மட்டும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். "இன்று மேடம்: லட்சுமி" என்று இருக்கும். இன்னொரு நாள் "இன்று மேடம்: மஞ்சுளா" என்று இருக்கும். யார் பேர் இருக்கிறதோ அவர்தான் அன்றைக்கு முழுப் பொறுப்பு. யாராவது வந்து "மேடம் எங்கம்மா?" என்று கேட்டால், பெண்கள் எல்லோரும் சேர்ந்து "காணோம்" என்பார்கள். அதுவே பேராகிவிட்டது. காணோம் மேடம்.

மஞ்சுளாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எதைக் கேட்டாலும் அவள் சொல்லும் பதில், "மேடத்தைக் கேட்டுக்கறேன்." டேப் தீர்ந்துவிட்டது, புது ரோல் எடுக்கவா என்றால் மேடத்தைக் கேட்பாள். வீட்டில் ஒரு நாள் உப்புமாவா தோசையா என்று நான் கேட்டதற்கு, "மேடத்தை..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். வேலை தெரியாதவள் இல்லை. ஒயரைக் கையில் எடுத்த உடனே எந்த வண்டிக்குப் போகிறது என்று சொல்லிவிடுவாள். முடிவு எடுப்பதென்றால்தான் பயம்.

அவள் பேர் முதன்முதலாக நாற்காலியில் ஒட்டப்பட்ட அன்றைக்கே தகராறு. ஒயரைப் பிடித்து நிறுத்துகிற கறுப்புக் கிளிப் வர வேண்டிய பெட்டியில் சாம்பல் கிளிப் வந்திருந்தது. பார்க்க இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சாம்பல், இன்ஜின் சூட்டைத் தாங்காது. வெளியே லாரி நிற்கிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். லைன் ஓடுகிறது. மஞ்சுளா மேடத்தைத் தேடிக் கேன்டீனுக்கு ஓடினாள், பாத்ரூமுக்கு ஓடினாள், மாடிக்கு ஓடினாள். எங்கும் இல்லை. திரும்பி வந்து, கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு பட்டனை அழுத்தி லைனை நிறுத்தினாள். நாற்பது நிமிஷம். சரியான கிளிப் வரவழைத்து மாட்டி அனுப்புவதற்குள் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

சாயங்காலம் மேடம் வந்தார்.

"ஏம்மா லைனை நிறுத்தினே?"

மஞ்சுளா சொன்னாள். கிளிப்பையும் காட்டினாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார். அவ்வளவுதான். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு மஞ்சுளா வீட்டில் பாத்திரத்தை எல்லாம் சத்தமாக வைத்தாள். "இந்தம்மா எங்கதாங்க போகுது? ஃபேக்டரி முழுக்கத் தேடிட்டேன். ஆவியா போயிடுமா?"

நான் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ஏனென்றால் எனக்குத் தெரியும்.

ஃபோர்க்லிஃப்ட் போகாத இடம் தொழிற்சாலையில் இல்லை. ஸ்டோர்ஸில் சாமான் அடுக்கும் கடைசி ராக்குக்குப் பின்னால் பெட்டி எடுக்கப் போனபோது, கவிழ்த்து வைத்த ஒரு பெட்டியின் மேல் ஒருத்தர் உட்கார்ந்து கடலைக்காய் தின்றுகொண்டிருந்தார். பெட்டிகளின் சந்து வழியாக லைன் முழுவதும் அங்கிருந்து தெரிந்தது. நான் சொன்னேனே, மேடம் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று. அது கொஞ்சம் பொய். இப்போது திருத்திக்கொள்கிறேன்.

"முருகேசா, நீ என்னைப் பார்க்கல" என்றார்.

"பார்க்கலீங்க மேடம்."

"கடலை எடுத்துக்கோ."

அதற்கப்புறம் அவரை எத்தனையோ இடத்தில் நான் பார்க்கவில்லை. கம்ப்ரஸருக்குப் பின்னால் பார்க்கவில்லை. செக்யூரிட்டி ரூமில் தொப்பியோடு பார்க்கவில்லை. ஒரு நாள் கேன்டீனில் தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார், பெரிய சார் அவரிடமே, "கொஞ்சம் காய் போடும்மா. உங்க மேடத்தைக் கண்டா என்னை வந்து பார்க்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் "சரிங்க சார்" என்றார்.

ஒரே ஒரு கஷ்டம். துணி துவைக்கும்போது என் சட்டைப் பையில் கடலைத் தோல் இருப்பதை மஞ்சுளா பார்த்தாள். "டியூட்டில கடலை வாங்கித் திங்கற அளவுக்கு உங்களுக்கு நேரம் இருக்கா?" என்று கேட்டாள். சங்கடம் தாங்காமல் ஒரு நாள் மேடத்திடமே கேட்டுவிட்டேன்.

"ஏன் மேடம் இப்படி ஒளியறீங்க? பாவம், அதுங்க தவிக்குதுங்க."

மேடம் கடலையை உடைத்துக்கொண்டே சொன்னார். "நான் லைன்ல நின்னப்போ எங்க சூப்பர்வைசருக்குக் கால் உடைஞ்சுது. வேற ஆள் கிடைக்கல, ஒரு மாசம் என்னைப் பார்த்துக்கச் சொன்னாங்க. பார்த்துக்கிட்டேன். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, எனக்கு இதெல்லாம் வரும்னு. அந்த ஆள் கால் உடையலைன்னா நான் இன்னும் அங்கதான் நின்னுட்டு இருப்பேன். ஒவ்வொரு பொண்ணுக்காகவும் ஒவ்வொரு சூப்பர்வைசர் காலை உடைக்க முடியுமா? அதான் நானே காணாமப் போறேன். நான் அங்க நின்னா எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க."

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. மஞ்சுளா ஷிப்ட் இன்சார்ஜ் ஆனாள். "மேடத்தைக் கேட்டுக்கறேன்" என்பது குறைந்து, "இருங்க, பார்க்கறேன்" என்று ஆனது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. மேடத்தைப் பெங்களூர் ஹெட் ஆபீசுக்கு, மூன்று தொழிற்சாலைக்குப் பொறுப்பாகக் கூப்பிடுகிறார்கள். அவருடைய மேனேஜர் நாற்காலி காலியாகிறது. பெரிய சார் வெளியூரிலிருந்து ஒருத்தரைக் கொண்டுவரலாம் என்றார். மேடம், "உள்ளேயே ஆள் இருக்கு, மஞ்சுளா" என்றார். பெரிய சார் உடனே ஒரு கேள்வி கேட்டாராம்: "அவங்க வீட்டுக்காரன் இங்கேயே வண்டி ஓட்டறான். நாளைக்கு அவன் தப்பு பண்ணா அந்தம்மா என்ன பண்ணும்?" கடைசியில் இன்டர்வியூ வைத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அதில் மஞ்சுளா உட்கார்ந்தால் உண்டு. இல்லையென்றால் அந்த நாற்காலி பழைய மாதிரி மறுபடியும் ஓர் ஆணுக்குத்தான்.

மஞ்சுளா மேடத்திடமே போய்ச் சொல்லிவிட்டாள். "எனக்கு வேணாம் மேடம். இருக்கறதே போதும். மேல போய் நாலு பேரைத் திட்டணும், எழுதணும். அதெல்லாம் எனக்கு வராது."

இந்த இடத்தில் நான் நல்லவனாக இருந்தேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவார்கள். ஆனால் அது உண்மை இல்லை. "உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? விட்டுடு" என்று நானும் சொன்னேன். மேனேஜரம்மா புருஷன் என்று வண்டி ஓட்டுகிறவர்கள் கிண்டல் பண்ணுவார்களே என்று எனக்குப் பயம். அவள் பயத்துக்குப் பக்கத்தில் என் பயத்தையும் கொண்டுபோய் வைத்தேன்.

இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று நாற்காலியில் "இன்று மேடம்: மஞ்சுளா". நான் ஸ்டோர்ஸில் பெரிய பிளாஸ்டிக் பெட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆள் இடுப்பளவு உயரம் இருக்கும். ராக்குக்குப் பின்னாலிருந்து மேடம் வந்தார்.

"முருகேசா, பெரிய சார் இந்தப் பக்கமா வர்றார். என்னை டிஸ்பாட்ச்ல கொண்டுபோய் விட்டுடு" என்று சொல்லி, ஒரு காலைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டார்.

"மேடம், ஃபோர்க்லிஃப்ட்ல ஆள் ஏத்தக் கூடாதுங்க. சுவத்துல ஒட்டியிருக்கு. நீங்கதான் ஒட்டினீங்க."

"ஆள் எங்க இருக்கு? காலிப் பெட்டி." இன்னொரு காலும் உள்ளே போனது.

பிள்ளைகளே, இதை நான் செய்திருக்கக் கூடாது. ஃபோர்க்லிஃப்ட் மனிதர்களைத் தூக்குகிற வண்டி இல்லை. கொஞ்சம் சாய்ந்தால் உயிர் போகும். மேனேஜர் சொன்னாலும் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. தூக்கினேன்.

நத்தை மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தேன். லைன்களுக்கு நடுவே நடப்பவர்கள் கடக்கிற மஞ்சள் கோடு இருக்கிறது. அங்கே மஞ்சுளா கையில் நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கையைக் காட்டினாள். நிறுத்தினேன்.

"பெட்டில என்ன?"

"காலி."

"காலிப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு மெதுவா வர்றீங்க?"

அப்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக்.

மஞ்சுளா பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகத் துவைத்த கடலைத் தோல் எல்லாம் அந்த நிமிஷத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது என்று அவள் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"காலிப் பெட்டி கடலை தின்னுமா? இறக்குங்க" என்றாள்.

இறக்கினேன். அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே குந்தியிருந்த மேடம் நிமிர்ந்து பார்த்து, "ஆச்சா?" என்றார்.

மூன்று லைனிலும் கை நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மஞ்சுளா கையை நீட்டி என் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மேடம், வெளிய வாங்க. பார்த்து" என்று கை கொடுத்து இறக்கினாள். அப்புறம் நேராகப் போய் மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். ஃபோர்க்லிஃப்ட்டில் ஆளை ஏற்றி ஓட்டியவர்: முருகேசன். ஏறிச் சென்றவர்: புரொடக்ஷன் மேனேஜர். இரண்டு பேர் மேலும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

மேடம் பக்கத்தில் நின்று படித்துப் பார்த்தார். "டைம் போடலையே. டைம் போடு" என்றார். அவள் டைமையும் கையெழுத்தையும் போட்டதும், மேடம் தன் கையெழுத்தையும் போட்டார். என்னிடம் நீட்டினார். நானும் போட்டேன். என் கல்யாணப் பதிவுக்கு அப்புறம் மஞ்சுளா கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து விழுந்தது அந்தக் காகிதத்தில்தான்.

மூன்று நாள் என்னை வீட்டில் உட்கார வைத்தார்கள். அந்த உத்தரவில் பெரிய சார் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாராம். முதல் நாள் மஞ்சுளா என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் அப்போது சின்னவர்கள்; அப்பா லீவ் போட்டிருக்கிறார் என்று சந்தோஷமாக இருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"தப்பு உங்க மேலதான்."

"ஆமா."

"விழுந்திருந்தா அந்தம்மா இடுப்பு போயிருக்கும். நீங்க ஜெயில்ல இருந்திருப்பீங்க."

"ஆமா."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "இன்டர்வியூக்குப் போறேன்" என்றாள்.

"வேணாம்னு சொன்னியே."

"உங்களையும் எழுதியாச்சு. மேடத்தையும் எழுதியாச்சு. இனிமே பயப்படறதுக்கு எனக்கு யாருங்க இருக்காங்க?"

இந்தத் தடவை நான் விட்டுவிடு என்று சொல்லவில்லை. அவளுடைய நீலப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டேன். ஓரத்தில் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. மடிப்புக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

இன்டர்வியூவில் நடந்ததைக் கம்பெனி பஸ்ஸில் திரும்பி வரும்போது சொன்னாள். பெங்களூரிலிருந்து மூன்று பேர், கூடப் பெரிய சார். மற்ற கேள்வியெல்லாம் ஓடியதாம். கடைசியில் பெரிய சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் கேள்வியை எடுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் இங்கதான் வேலை பார்க்கறார். அவர் தப்பு பண்ணா என்ன பண்ணுவீங்க?"

"எழுதுவேன் சார்."

"சொல்றது சுலபம்மா. நிஜமாவே எழுதுவீங்களா?"

"போன வாரம் எழுதியிருக்கேன் சார். ஃபைல்ல மேலேயே இருக்கும். கூடவே என் மேனேஜரையும் எழுதியிருக்கேன்."

பெங்களூர்க்காரர் ஒருத்தர் ஃபைலைத் திறந்து படித்தார். படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளினார். அவர் படித்துவிட்டு அடுத்தவருக்கு. கடைசியில் அது பெரிய சாரிடம் வந்தது. அவர் படித்துவிட்டு ஃபைலை மூடி வைத்தாராம்.

மஞ்சுளா மேனேஜர் ஆனாள். வண்டி ஓட்டுகிறவர்கள் என்னை "மேனேஜரம்மா புருஷா" என்று கூப்பிடத்தான் செய்தார்கள். நான் பயந்த அளவுக்கு அது வலிக்கவில்லை. ஒரு மாதத்தில் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

வலித்தது மேடத்துக்குத்தான். அந்தக் காகிதத்தால் அவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பெங்களூர் போவது நாலு மாதம் தள்ளிப்போனது. அந்த நாலு மாதமும் நாற்காலி மஞ்சுளாவுடையது என்பதால், மேடம் நிற்கக்கூட இடமில்லாமல் ஸ்டோர்ஸ் கணக்குச் சரிபார்க்கிறேன் என்று சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ராக்குக்குப் பின்னால் அவரிடம் கேட்டேன்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்குப் பெரிய சார் ஸ்டோர்ஸ் பக்கம் வரவே இல்லைன்னு செக்யூரிட்டி சொல்றார். அவர் அன்னைக்கு லீவாமே."

மேடம் ஒரு கடலைக்காயை எடுத்தார். டக்.

"அந்தப் பெட்டிக்குள்ள அவ்வளவு சத்தமா ஏன் மேடம் கடலை உடைச்சீங்க?"

இன்னொன்றை எடுத்தார். டக். பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

"முருகேசா, நீ என்னைப் பார்க்கல."

இப்போது மேடம் பெங்களூரில் இருக்கிறார். மூன்று தொழிற்சாலைக்கும் அவர்தான் தலைமை. அங்கேயும் அடிக்கடி காணாமல் போகிறாராம். தேடுகிறவர்கள் கோட்டு போட்டவர்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம். எங்கள் ஏசி ரூமில் இப்போது நாலு பெண்கள் உட்காருகிறார்கள். மஞ்சுளா அவர்களிடம் பொறுப்பை விட்டுவிட்டுப் பத்து நாளைக்கு ஒரு தடவை காணாமல் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலும் போகிறாள். தர்ஷினி, நிதின், உங்கள் அம்மா எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ரசம் பொங்கினால் இறக்குங்கள்.

நான் இன்னும் அதே ஃபோர்க்லிஃப்ட்தான் ஓட்டுகிறேன். காலிப் பெட்டி தூக்குவதற்கு முன்னால் இறங்கி உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். பாதுகாப்பு விதியில் அப்படி இல்லையே, எதற்கு என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். பழக்கம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு தடவையும் காலியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.